லிஃப்ட்டில் ஐந்து கேள்வி

அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அவனை முதலில் சந்திப்பது மாடிப்படியில்தான். நான்கு மாடியும் ஏறியே வருவான். பட்டப்பெயரே 'மாடிப்படி'. உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கிறான் என்று எல்லோருக்கும் நினைப்பு. சேர்ந்த அன்று மாலை, கீழே இறங்குவதாக நினைத்து லிஃப்ட்டில் '1' என்ற பொத்தானை அமுக்கி, முதல் மாடியில் யாருடைய கம்பெனிக்குள்ளோ போய் விழித்துக்கொண்டு நின்றவன் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். குடும்பத்தின் முதல் பட்டதாரி அதை வெளியே சொல்வானா?

திறனறித் தேர்வுக் கேள்விகளைச் சோதிப்பது அவன் வேலை. ஒவ்வொரு கேள்வியும் தன் காலில் நிற்க வேண்டும். ஒரே அளவு திறமை உள்ளவர்களுக்குள், ஒன்றில் தவறியவர் அடுத்ததிலும் தவறுவார் என்று சொல்ல முடிந்தால் அந்தக் கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அதைப் பிடிப்பதில் அவன் கில்லாடி.

ஒருமுறை சோதனைக்கு வந்த தாளில் லிஃப்ட் படம் போட்டு ஐந்து கேள்விகள். 'ஜி' என்பது தரைத்தளம் என்று தெரியாதவருக்கு ஐந்தும் அம்பேல். படித்ததுமே அவனுக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தால், எப்படித் தோன்றியது என்று கேட்பார்களே! ஊழியர்களின் பிள்ளைகளை வைத்து முன்னோட்டம் நடத்தினான். லிஃப்ட்டிலேயே வளர்ந்த பிள்ளைகள், ஐந்தும் சரி. எல்லோரும் சரியாகப் போட்டால் எது எதோடு ஒட்டுகிறது என்று கணக்கில் தெரியாது. அது தெரிந்தும் கையெழுத்துப் போட்டான்.

வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகளில் எது எந்தத் தாளை வாங்கும் என்பது அவனுக்கே தெரியாது. ஒருநாள் வேலைக்கான தேர்வு எழுதிவிட்டு நேராக அவன் தங்கியிருந்த அறைக்கு வந்தாள் தங்கை.

"மத்ததெல்லாம் ஊதித் தள்ளிட்டேண்ணே. லிஃப்ட்டுன்னு அஞ்சு கேட்டான் பாரு, அங்கதான் மண்டை காஞ்சிடுச்சு. ஜி-ன்னா என்ன, எல்லாத்துக்கும் மேல இருக்கிற மாடியா?"

"தரைத்தளம்."

"அடப்பாவிங்களா! உனக்கு எப்படித் தெரியும்? நம்ம ஊர்ல ஏது லிஃப்ட்டு?" சிரித்தாள். "சரிதான், நீ படிச்சவனாச்சே."

அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தேர்வு எழுதியவர்களின் விடைகள் வந்ததும் கணக்குப் போட்டான். ஐந்தும் பசை தடவியதுபோல் ஒட்டி நின்றன. மேலதிகாரி அம்மாவிடம் கொண்டுபோனான்.

"முன்னோட்டத்துல வரலையே, இப்ப எப்படி வருது?"

"அவங்க எல்லாருக்கும் லிஃப்ட் பழக்கம் மேடம்."

"அது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா வாயத் திறக்கல?"

முதல் மாடிக் கதையைச் சொன்னான். அந்த அம்மா சிரித்திருந்தாலாவது தேவலை. சிரிக்கவில்லை.

ஐந்தையும் ஒரே கேள்வியாக எண்ணும்படி கம்பெனிக்குச் சொன்னார்கள். ஆள் எடுத்தாகிவிட்டது என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள்.

தங்கை இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியாது. அவன் அதே நாற்காலியில்தான் இருக்கிறான். முன்னோட்டத்துக்கு இப்போதெல்லாம் பல ஊர்களிலிருந்தும் ஆட்களை வரவழைக்கிறான். அலுவலகத்துக்கு இன்னும் படியேறித்தான் வருகிறான்.