போட்டிக் கடையில் போணி

பிரிக்ஃபீல்ட்ஸில் என் தங்கை இடியாப்பக் கடை வைத்திருக்கிறாள். பாதி வியாபாரம் நேரில், மீதி கைப்பேசிச் செயலி வழியாக. போன வருடம் அந்தச் செயலி வியாபாரம் திடீரென்று படுத்துவிட்டது. சமையலில்தான் கோளாறு என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டு மாவை மாற்றினாள், தேங்காயை மாற்றினாள், சம்பலில் மிளகாயைக் குறைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"என் கைப்பக்குவம் போயிருச்சுக்கா. கடைய மூடிட்டு ஷா ஆலம்ல ஏதாச்சும் பேக்டரி கேன்டீன்ல சேந்துடறேன்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய் அவள் கடையிலேயே உட்கார்ந்து, செயலியைத் திறந்து இடியாப்பம் தேடினேன். கேள்வியே படாத மூன்று கடைகள் மேலே நின்றன. நான் உட்கார்ந்திருந்த கடை எங்கேயோ பாதாளத்தில் கிடந்தது.

எங்கள் கடையை எத்தனை பேருக்குக் காட்டினீர்கள் என்று செயலி நிறுவனத்திடம் கேட்டோம். அது வணிக ரகசியம் என்று பதில் வந்தது. எங்கள் கடையின் விவரம் எங்களுக்கே ரகசியமாம்! வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்கும் அரசு அலுவலகத்துக்குத் தங்கையை இழுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு தமிழ்ப் பெண்.

"ஒரு எடத்துல பாத்தா போதாது லா, ஆன்டி. வேற வேற ஏரியாவுல, ஒரே நேரத்துல தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. பாக்க மட்டும்தான். வாங்கினீங்கன்னா ஆப் உங்க டேஸ்ட்ட புரிஞ்சிக்கிட்டு லிஸ்ட்ட மாத்திடும்."

சாலாக் செலாத்தானில் சித்தி, சுங்கை வேயில் அத்தை, தங்கை கடையில் நான். காலையில் கடை திறக்கும் நேரத்தில் தேட வேண்டும், எதையும் வாங்கக் கூடாது என்று இருவருக்கும் படித்துப் படித்துச் சொன்னேன்.

படங்கள் ஒழுங்காக வந்தன. எங்கே தேடினாலும் அதே மூன்று கடைகள்தான் மேலே. ஆனால் மத்தியானம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு தங்கை கடைக்கு வந்து இறங்கினார்கள். சித்தி முதல் கடையில் வாங்கியிருந்தார், அத்தை இரண்டாவதில். நான் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது.

சித்தி அசரவில்லை. "போன்லதான்னாலும் காலங்காத்தால மொத ஆளா கடைக்குள்ள போயிட்டு வெறுங்கையோட வரச் சொல்றியா? அவங்களுக்குப் போணி ஆக வேணாமா? பாவம்டி அது."

"நானும் அதான் நெனச்சேன்" என்றார் அத்தை.

எங்களைக் கவிழ்க்கிற கடைக்கே போணி செய்துவிட்டு வந்திருக்கிறார்கள்! திட்டத் தொடங்கியவள் சிரிப்பு தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வாங்கியதை ஏன் வீணாக்குவது என்று பிரித்துச் சாப்பிட்டோம். இரண்டு கடைப் பொட்டலத்திலும் மீஹூன் சேமியா மாதிரி காய்ந்த அதே இடியாப்பம், அதே தித்திப்புச் சம்பல். தங்கையின் முகம் மாறியது. மூன்றாவது கடையில் அவளே ஆர்டர் போட்டாள். அதிலும் அச்சு அசலாக அதே சம்பல்.

ஆர்டரைக் கொண்டுவந்த டெலிவரி அண்ணன் எங்களை விநோதமாகப் பார்த்தார். "மூணும் ஒரே கிச்சன்தான் அக்கா. ஆப் கம்பெனியோட சொந்தக் கிச்சன். பேருதான் வேற வேற."

உடனே அந்த அதிகாரிக்குப் போன் போட்டேன். வாங்கிவிட்டார்கள் என்றதும் பெருமூச்சு விட்டார். மீதியைக் கேட்டதும், "அந்த ரசீதெல்லாம் பத்திரமா வைங்க ஆன்டி" என்றார். சித்தியும் அத்தையும் அன்று முழுக்க மிதப்பாகத் திரிந்தார்கள்.

விசாரணை பல மாதம் இழுத்தது. கடைசியில், சொந்தச் சமையலறையைச் சொந்தப் பெயரில்தான் காட்ட வேண்டும், ஒவ்வொரு கடைக்கும் அதனதன் தேடல் விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு உத்தரவு போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

விவரம் வந்த அன்று தங்கை அதைத் திறக்கவே பயந்தாள். யாரும் தன்னைத் தேடியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். நான்தான் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

வியாபாரம் படுத்துக் கிடந்த மாதங்களில்கூட ஒரு நாள் விடாமல் ஆட்கள் அவள் கடைப் பெயரையே போட்டுத் தேடியிருந்தார்கள். செயலி அவர்களுக்கு அந்த மூன்று கடைகளைக் காட்டியிருந்தது.

அழப் போகிறாள் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்னையத்தான்க்கா தேடியிருக்காங்க."