ஆல்கஹால் இல்லாத பீரில் ஒரு சிக்கல்

போன வாரம் ஒருநாள், காலை ஐந்து மணிக்கு, மியூனிக் விமான நிலையத்து பப்பில் உட்கார்ந்து வெந்நீர் குடித்தேன்.

தெரிந்தா குடிப்பேன்? ஒரு பீங்கான் கிண்ணம். உள்ளே ஆவி பறக்கும் தண்ணீர், இரண்டு வெள்ளை சாசேஜ், மேலே கொஞ்சம் தழை. நம் ஊர் ஆள் என்ன நினைப்பான்... சூப் என்றுதானே? ஸ்பூனால் இரண்டு வாய் குடித்துவிட்டு, "உப்பே இல்லையே" என்று முணுமுணுத்தேன்.

"அது சூப் இல்லை அண்ணை. சூடு ஆறாம இருக்க விடுற தண்ணி. சாசேஜை வெளிய எடுத்து, தோலை உரிச்சுப்போட்டுச் சாப்பிடுங்கோ."

திரும்பினால், ஆர்டர் எடுத்த அதே பெண்மணி. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். இது தெரியாமல் அவரிடம் தப்பும் தவறுமாக ஜெர்மன் பேசியிருந்தேன். அவர் சிரிக்காமல் இருந்ததே பெரிய மரியாதை.

சுற்றிலும் மேஜைக்கு மேஜை பீர். டை கட்டிய ஆபீஸர்கள், கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மா... யாரும் ஒளிக்கவில்லை, தள்ளாடவில்லை. ஒரே கிளாஸ், எழுந்து போய்விடுகிறார்கள். அந்த வித்தை எனக்குக் கடைசிவரை கைவரவில்லை. அதனால்தான் — இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — குடியை விட்டு ஒன்றரை வருடமாகிறது.

நான் கேட்டிருந்தது ஆல்கஹால் இல்லாத பீர். இங்கே அதைக் கேட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. நம் ஊரில்? "என்ன சார், சுகரா?" என்பார்கள். "ஒரு ரவுண்டுதானே, சும்மா அடிங்க" என்பார்கள்.

தமிழ் கிடைத்தால் என் வாய் நிற்காது. மகன் வீட்டில் ஒரு வாரம் இருந்ததையும், இப்போது ஹாம்பர்க்கில் மகளைப் பார்க்கப் போவதையும் அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். மகள் என்னோடு பேசி நான்கு வருடம். அவள் கல்யாண மேடையிலேயே குடித்துவிட்டு விழுந்த அப்பன் நான். "இனி ஒரு தடவை அந்த வாசனை வந்துச்சுன்னா, அதோட முடிஞ்சுதுப்பா" என்று மெசேஜ் அனுப்பித்தான் வரச் சம்மதித்திருக்கிறாள்.

கேட்டுவிட்டு உள்ளே போய் பீரை எடுத்து வந்தவர், அதை மேஜையில் வைக்காமல் நின்றார்.

"அண்ணை, இதில அல்ககோல் இல்லை, ஓம். ஆனா மணம் அதே பீர் மணம்தான். பிள்ளைக்கு என்னெண்டு விளங்கப்படுத்துவியள்?"

இந்த மரமண்டைக்கு அது தோன்றவே இல்லையே. ஒன்றரை வருட வைராக்கியம், போதையே இல்லாத ஒரு பீரால் நாசமாகியிருக்கும்.

"எடுத்துட்டுப் போயிடுங்கம்மா" என்றேன்.

"தேத்தண்ணி கொண்டு வாறன். இருங்கோ."

கேட்டதைக் கொண்டு வருபவர் நல்ல சர்வர். கேட்டதைக் கொண்டு வந்தும் கொடுக்காமல் நின்றவரை என்னவென்று சொல்வது? யாரோ ஒருவன், அவன் மகள் யாரோ... அதற்காக அத்தனை பரபரப்பிலும் ஒரு நிமிடம் யோசித்தாரே. பெயரைக்கூடக் கேட்காமல் ஓடி வந்துவிட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஹாம்பர்க்கில் மகள் காத்திருந்தாள். வந்து கட்டிக்கொண்டாள். நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். பிடியை விடவில்லை.

பாசமா, சோதனையா? நான் கேட்கவில்லை. பாஸானவன் எதற்குக் கேள்வித்தாளைப் புரட்ட வேண்டும்?