நடந்து போன வீடு

எதையும் எண்ணாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இலையில் விழும் இட்லியையும் வாசலில் கிடக்கும் செருப்பையும்கூட எண்ணுவேன். அந்தக் குணத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, அவசரநிலைக் காலத்தில், செங்கல்பட்டில் எழுத்தராக இருந்த என்னை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு அனுப்பினார்கள். கடற்கரையை அழகுபடுத்தப் போகிறார்கள், சர்வே கல்லுக்குக் கிழக்கே குடிசை இருக்கக் கூடாது, எத்தனை என்று எண்ணி வா என்றார்கள். எண்ணினேன். நாற்பத்தொன்று.

அப்போது யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. ரயில்கள் நேரத்துக்கு ஓடுவதாகப் பத்திரிகைகள் எழுதின.

காலி செய்யக் கொடுத்த கெடு முடிந்த காலையில் அதிகாரியோடு ஜீப்பில் போனேன். பின்னால் போலீஸ் லாரி. குப்பத்தார் அதற்குள் கீற்றையும் கழியையும் அவிழ்த்துக் கட்டி, கல்லுக்கு மேற்கே சவுக்குத் தோப்போரம் குவித்திருந்தார்கள். வெறும் மணலில் ஒரே ஒரு குடிசை நின்றது. அதன் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

"அது மட்டும் ஏன் நிற்குது?" என்றார் அதிகாரி.

ஊர் நாட்டாமை துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "புள்ள பெத்தவ உள்ள கீறாய்யா. தீட்டு கழியாம எங்க பொண்ணுங்க கூரைய வுட்டு வெளிய வர மாட்டாங்க. தாய்க்கும் ஆவாது, புள்ளைக்கும் ஆவாது. ஒரு வாரம் குடுங்க, போதும்."

"ஒரு வாரமா? இப்பவே பிரிக்கணும். ஆள் உள்ளே இருந்தாலும் பிரிப்பேன்."

நாட்டாமை துண்டைத் தோளில் போட்டார். திரும்பி நடந்து ஆட்களைக் கூட்டினார். அடிதடிதான் என்று ஜீப்பின் பக்கம் ஒதுங்கினேன். அவர்களோ குடிசையைச் சுற்றிக் குந்தி, அதன் கழிகளை மூடியிருந்த மணலைக் கையால் தோண்டினார்கள். பிறகு, கட்டுமரத்தைக் கரையேற்றும்போது போடும் சத்தத்தைப் போட்டு, ஒரே மூச்சில் நிமிர்ந்தார்கள்.

கூரையும் கீற்றுச் சுவருமாக வீடு அப்படியே எழுந்தது. அடியில் தூக்கியவர்களின் கருத்த கால்கள். வழக்கம்போல எண்ண ஆரம்பித்தேன். கால்களுக்கு நடுவே, மஞ்சள் பூசிய இரண்டு பாதங்கள் மெல்ல அடி எடுத்து வைத்தன. எண்ணிக்கை அங்கேயே அறுந்து போயிற்று. அந்தப் பாதங்கள் நின்றால் வீடு நின்றது. அவை நடந்தால் வீடு நடந்தது. பல்லவர் குடைந்த கல்லையெல்லாம் நான் பலமுறை பார்த்தவன். அன்றைக்குப் போல எங்கும் வாய் பிளந்து நின்றதில்லை.

வழியை மறித்தாற்போல் போலீஸ் லாரி நின்றது. வீட்டுக்கு முன்னால் நடந்து வந்த ஒருத்தி டிரைவரிடம், "ஓரங்கட்டு அண்ணாத்த. எங்க வூட்டுக்கு பிரேக்கு கெடையாது" என்றாள். அவர் உத்தரவுக்குக் காத்திராமல் லாரியைப் பின்னுக்கு எடுத்தார்.

வீடு கல்லைத் தாண்டியது. தோப்போரம் இறக்கினார்கள்.

"கல்லுக்குக் கிழக்கே எத்தனை?" என்று அதிகாரி என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒன்றுமில்லை சார்."

அவர் போய் ஜீப்பில் உட்கார்ந்தார். எனக்குக் கால் நகரவில்லை. இந்த இடத்திலிருந்தும் என்றைக்குக் கிளப்புவார்களோ என்ற கவலை வேறு. உள்ளே குழந்தை சிணுங்கியது. பிறகு அவள் குரல், அன்று முதல்முறையாக:

"கடலு எந்தப் பக்கம் கீது?"

"உனுக்குப் பின்னாடிதான் கீது."

"கடலுக்கு முதுகக் காட்டிகினா எம்புள்ள வளரும்? வாசல திருப்பி வையிங்க."

"தூக்கிகினு வந்ததே பேஜாரு. மகாராணிக்கு கடல்காத்து வேணுமாம்" என்று ஒருவன் முனகினான். சிரித்துக்கொண்டே எல்லாரும் மறுபடி குனிந்தார்கள்.

ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள். வீடு எழுந்து, அவளையும் குழந்தையையும் உள்ளே வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கடலைப் பார்த்துத் திரும்பியது.