தோஹா நேரத்தில் ஓடிய மணிக்கூடு

மச்சானின் கை மணிக்கூடு ஒருபோதும் எங்கள் நேரத்தைக் காட்டியதில்லை. ராத்தாவை, என் அக்காவை, கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். கட்டாரில் ஏசி மெக்கானிக். லீவில் காத்தான்குடியில் வந்து நின்றாலும் முள்ளைத் திருப்ப மாட்டார். அது இரண்டரை மணித்தியாலம் பிந்தி, தோஹா நேரத்திலேயே ஓடும். “உங்கட கை மட்டும் இன்னும் கட்டார்லதான் கிடக்கு. அதையும் கூட்டிட்டு வந்திரிக்கலாமே” என்று ராத்தா குத்துவாள். “அது டியூட்டி பாக்குது, நான் லீவு” என்பார்.

எனக்கோ விமானப் பைத்தியம். தோஹாவிலிருந்து கட்டுநாயக்க சுமார் மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், நாலேமுக்கால் மணித்தியாலம். வாவிக்கு மேலே வெள்ளைக்கோடு இழுத்துப் போகும் விமானம் எங்கே போகிறதென்று போனைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதனால்தான், காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன ராத்தா ஒரு மாலையில் ஜனாஸாவாக வீடு வந்தபோது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மச்சானுக்கு இரவு ஒரு மணி விமானத்தில் இடம் கிடைத்திருந்தது. எங்களில் ஜனாஸாவை, இறந்த உடலை, நெடுநேரம் வைத்திருப்பதில்லை. காலையிலேயே அடக்குவோம் என்றார் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார். நான் கூட்டினேன். ஒரு மணியோடு நாலேமுக்கால், வெளியே வர ஒரு மணித்தியாலம், வேனில் காத்தான்குடிக்கு ஏழு.

“ரெண்டு மணிக்குள்ள மச்சான் வாசல்ல நிப்பாரு.”

“நல்லாப் பாத்தியா தம்பி?”

“பாத்துட்டன்.”

பின்னேரம் மூன்றரைக்கு, அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது.

காலை எட்டேகாலுக்கு மச்சான் போன் எடுத்தார். “இப்பதான்டா இறங்கிரிக்கன்.” ஒரு மணி என்பது தோஹாவின் ஒரு மணி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டரையை நான் கூட்டவேயில்லை. உடனே சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றியிருப்பார்களோ என்னவோ. சொல்லவில்லை. ஒருமுறை தள்ளியதை மறுபடி தள்ளக் கேட்க வாய் வரவில்லை என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். கணக்குப் பிழைத்தவன் என்று தெரிந்துவிடுமே என்றுதான் பேசாமல் இருந்தேன். சாரதி விரட்டி வந்துவிடுவான் என்றும் நினைத்தேன்.

அஸர் முடிந்தபோது வேன் ஓட்டமாவடியில். “இன்னும் முக்கால் மணித்தியாலமா? சனம் நிக்கிது மனே” என்ற மரைக்கார் பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு ராத்தாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கைத் தூக்கினார்கள். ஒரு மூலையை நான் சுமந்தேன். தோள் வலித்தது, வேறெதுவும் நினைவில்லை. அழவும் இல்லை.

மச்சான் நேரே மையவாடிக்கு வந்தார். ராத்தாவை மூடிய மணல் இன்னும் ஈரமாக இருந்தது. “என்ன தம்பி, ரெண்டு மணியெண்டியே?” என்று மரைக்கார் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“பிளேன் லேட்டு” என்றேன்.

அந்த விமானத்திலேயே வந்த மச்சான் என் பக்கத்தில் நின்றார். என்னை ஒருதரம் பார்த்தார். “ஓம், லேட்டாத்தான் வந்திச்சி” என்றார். பிறகு குந்தியிருந்து, மணிக்கூட்டின் திருகை இழுத்து, முள்ளை இரண்டரை மணித்தியாலம் முன்னால் திருப்பினார்.

இப்போது அவர் மறுபடியும் தோஹாவில். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவார். “சாப்பிட்டியாடா?” “ஓம் மச்சான்.” அவருடைய ஜன்னலில் நடுப்பகல் வெயில் எரிகிறது. மணிக்கட்டில் மூன்று மணி. எங்கள் சுவரிலும் மூன்று.