அம்மா உட்காராத ஸ்டூல்

நான் பகல் முழுக்க உட்கார்ந்தே களைத்துப்போகிறவள். யட்டவத்தையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசையும் சுழலும் நாற்காலியும் உண்டு. மாத்தளையிலிருந்து போகும்போது பஸ்ஸில் நிற்கிறேன், திரும்பும்போதும் நிற்கிறேன், நடுவில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கண் முதலில் தேடுவது ஒரு நாற்காலியைத்தான். அதில் விழுந்த கையோடு ஒரு பழைய எரிச்சல் கிளம்பும். பத்தாம் வகுப்பில் மரவேலைப் பாடத்துக்கு நான் செய்த ஸ்டூலைப் பற்றிய எரிச்சல் அது. ஐம்பது வயது தாண்டியும் அடங்கவில்லை.

மரவேலையை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. பெண்பிள்ளைகள் எல்லாரும் மனைப்பொருளியல் எடுத்தார்கள். அந்தப் பாடத்துக்கு வாரா வாரம் முட்டை கொண்டு வா, சீனி கொண்டு வா, மாஜரீன் கொண்டு வா என்பார்கள். எங்கள் வீட்டில் முட்டை வாங்கினால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். அப்பா செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மா டவுனில் ஒரு சரக்கு ஸ்டோரில் மிளகும் கராம்பும் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். இந்த லட்சணத்தில் கேக் அடிக்க நான் எங்கே போவது? மரவேலைக்கு மரத்தைப் பள்ளிக்கூடமே கொடுத்தது. காரணம் அவ்வளவுதான்.

பதினொரு பையன்கள், நான் ஒருத்தி. முதல் நாளே ஒருத்தன், "ஏய், கரண்டியெல்லாம் அந்தப் பக்கம், இங்க மரம் அறுக்கிற வாள்தான் இருக்கு" என்றான். "தெரிஞ்சுதான் வந்தேன். நீ ஒன் நாக்கப் பத்திரமா வச்சுக்க" என்றேன். அதற்குப் பிறகு என் மேசைப் பக்கம் எவனும் வரவில்லை.

முதல் வேலை, இரண்டு மரத்துண்டுகளைப் பாதி பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று படிய வைப்பது. மூன்று தடவை வெட்டினேன். மரவேலை சொல்லிக்கொடுத்த சேர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுக்குள்ள பஸ் போகும் போல இருக்கே புள்ள" என்றார். வகுப்பே சிரித்தது. நான் விடவில்லை. அடுத்து ஒரு சவர்க்காரத் தட்டு செய்தேன், அது பரவாயில்லை. இழைப்புளியைத் தள்ளித் தள்ளி உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அதை அம்மாவிடம் காட்டவில்லை. காட்டினால் முட்டை வாங்கக் கிளம்பிவிடுவாளோ என்று பயம்.

மூன்றாவதுதான் ஸ்டூல். அம்மாவுக்கென்றே அதைச் செய்தேன். அவள் வேலை செய்த ஸ்டோரில் உட்கார விடமாட்டார்கள். உட்கார்ந்தால் பெண்கள் தூங்கிவிடுவார்களாம். அதனால் மேசையை நின்று வேலை செய்கிற உயரத்தில் போட்டிருந்தார்கள். காலை ஏழரையிலிருந்து அந்த மேசை முன்னால் நின்றுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றியதும் அடுப்புத் திண்டு முன்னால் போய் நிற்பாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றி மாற்றி நின்றபடியே தேங்காய்ப்பால் பிழிவாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளாவது அவளை உட்கார வைக்க வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஒரே வைராக்கியம் அதுதான்.

வகுப்பில் கொடுத்த தாளில் உயரம் நானூற்றைம்பது மில்லிமீட்டர் என்று இருந்தது. அம்மா குள்ளம். அவள் அடுப்படியில் நிற்கும்போது பின்னால் குந்தி, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் தையல் நூலால் அளந்தேன். "என்னடி எலி மாதிரி காலச் சுத்துற, கறி தீயுது" என்று உதறினாள். நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்த்தால், தாளில் இருந்த அளவைவிட நாலு விரற்கடை குறைவு.

சேர் ஒத்துக்கொள்ளவில்லை. "அளவுன்னா அளவுதான். ஒங்கம்மாவுக்குச் செய்யிறதுன்னா வீட்டுல செய்யி. இது மார்க்குக்குச் செய்யிறது."

"வீட்டுல ஏது சேர் மரம்?"

"அப்ப சொன்ன அளவுக்கு வெட்டு."

நான் நூலின் அளவுக்கே வெட்டினேன். மார்க் முப்பத்தெட்டு. வகுப்பிலேயே கடைசி. நொண்டியடிக்கிற ஸ்டூல் செய்த பயலுக்கெல்லாம் ஐம்பதுக்கு மேல் கிடைத்தது. போனால் போகட்டும் என்று கோயில் வீதி வழியாக அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா ஸ்டூலைத் தடவிப் பார்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். "நெசமா நீயா செஞ்ச? கால் நாலும் சமமா நிக்குதே!"

"உக்காருங்கம்மா."

"இரு, சோறு பொங்குது."

மறுநாள் கேட்டேன், துணி ஊறுகிறது என்றாள். அதற்கடுத்த நாள், தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்றாள். அந்த வாரமே நவராத்திரி தொடங்கியது. சரஸ்வதி பூசைக்கு ஸ்டூலில் மஞ்சள் பூசி, சந்தனப் பொட்டு வைத்து, சிவப்புத் துணி விரித்து, என் புத்தகங்களை அடுக்கிப் படத்தையும் அதன்மேல் வைத்துவிட்டாள். விஜயதசமி முடிந்து புத்தகங்களை எடுத்தாயிற்று. ஸ்டூல் சாமிப் படங்களுக்குக் கீழேயே நின்றது.

"இப்பவாவது உக்காருங்க."

"சரஸ்வதி இருந்த எடம்டி. அதுல போய் நம்ம உக்காரலாமா?"

எனக்கு வந்ததே கோபம். "அப்ப நான் யாருக்குச் செஞ்சேன், சரஸ்வதிக்கா? அவங்களுக்குத்தான் தாமரை இருக்கே!" என்று கத்தினேன். அம்மா பதறிப்போய்ச் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்னையும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். நான் போடவில்லை.

அதோடு சரி. வருஷா வருஷம் அந்த ஸ்டூலில் புத்தகம் ஏறும், இறங்கும். அம்மா நின்றுகொண்டேயிருந்தாள். நான் பரீட்சை எழுதினேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் முடித்தேன். அவள் ஸ்டோரை விட்டு நின்ற பிறகும் என் வீட்டு அடுப்படியில் நின்றாள். முப்பத்தெட்டு மார்க்கை நான் மறந்துவிட்டேன். உட்காராததை மறக்க முடியவில்லை. ஒரு பிள்ளை ஆசையாகச் செய்து கொடுத்தால் ஒப்புக்காவது ஒரு தடவை உட்கார்ந்து காட்டக் கூடாதா?

போன மாதம் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு முழங்காலும் அறவே முடியாமல் போய்விட்டது. இளம் டொக்டர், சிங்களப் பிள்ளை, தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டாள்: "அம்மா, முந்தி என்ன வேலை செஞ்சது?"

"நின்னேன் மகள்" என்றாள் அம்மா.

டொக்டர் என்னைப் பார்த்தாள். சரக்கு ஸ்டோரில் நின்றபடியே செய்கிற வேலை என்று நான் விளக்கினேன். முச்சக்கர வண்டியில் திரும்பி வந்தோம். வீட்டில் அவளைக் கட்டிலில் உட்கார வைத்துக் காலுக்குத் தைலம் தேய்க்கும்போது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அன்னைக்கே நான் செஞ்சு குடுத்தேனே. ஒரு நாள் உக்காந்திருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?"

அம்மா என் கையைப் பார்த்தாள்.

"உக்காந்தேன்டி" என்றாள். "நீ கொண்டாந்ததுக்கு மறுநாள். நீ ஸ்கூலுக்குப் போனப்பறம், சும்மா பாப்பமேன்னு உக்காந்தேன். அவ்வளவு வாகா இருந்திச்சு. எந்திரிக்கவே முடியல. அன்னைக்கு நான் வேலைக்கே போகல. ஒனக்குத் தெரியாது. நீ வர்ற சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சேன். ஸ்டோர்ல சீக்கிரம் விட்டுட்டாங்கன்னு ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"இன்னொரு தரம் உக்காந்தா அவ்வளவுதான், எந்திரிக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. நீ அப்ப பத்தாவதுதானே படிச்சிக்கிட்டிருந்த."