குளியலறை வாசலில் எரிந்த சாமி விளக்கு

மகளின் புது வீட்டில் குளியலறைக்கு வெளியே ஒரு சுவிட்ச் சிவப்பாக எரிகிறது. "ஹீட்டர்தான்மா, குளிச்சிட்டு ஆஃப் பண்ணிடுங்க லா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை.

அறுபதுகளில் ஃபேரர் பார்க் பக்கம் நாங்கள் குடிபோன வாடகை வீட்டிலும் இப்படி ஒன்று எரிந்தது. சீனர் வீடுகளில் சாமி மாடத்தில் இரவும் பகலும் எரியுமே, அதே சிவப்பு. எங்களுக்கு முன் அங்கே இருந்ததும் சீனக் குடும்பம்தான்.

"அடுத்தவங்க சாமி விளக்கு. யாரும் அணைக்காதீங்க" என்றாள் அம்மா. ஆனாலும் சந்தேகம் அவளை விடவில்லை. "குளிக்கிற எடத்துல யாராவது சாமி வைப்பாங்களா? ஏதோ செய்வினை செஞ்சுட்டுப் போயிருக்காங்க."

அந்தச் சுவரில் தோள் படாமல் ஒதுங்கித்தான் உள்ளே போவோம். தொட்டித் தண்ணீரை மொண்டு அவசரமாக ஊற்றிக்கொண்டு ஓடி வருவோம். தம்பிக்குச் சளி பிடித்தால் அம்மா புகையில் கண் கலங்க, கரியடுப்பை ஊதி ஊதி வெந்நீர் வைப்பாள்.

ஒருநாள் விருந்தாளியாக வந்த அப்பாவின் தங்கை, நாங்கள் தொடாத ஷவரைத் திறந்துவிட்டு அலறினாள். கொதிக்கிற தண்ணீர்! அப்பா ஓடிவந்தார். சுவிட்சின் ஒயர் பரணில் இருந்த பீப்பாய்க்குப் போவதைக் கண்டு, "அட, வெந்நீர் சுவிட்சுடி இது!" என்றார் அம்மாவிடம்.

அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. சுவிட்சை அணைத்தாள். அணைத்த விரலைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

இன்று குளித்து முடித்து நானும் அணைத்தேன். வீட்டில் யாருமில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, விரலைக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.