படத்தில் இல்லாத பைப்

வில்லியனூர்த் தேர் முடிந்த மறுநாள் நான் கம்பெனிக்குத் திரும்பி வந்தபோது, மூன்றாவது தொட்டிக்குப் பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் ஒன்று கிடந்தது. கத்தியால் நீளமாகக் கிழித்துக் கழற்றியிருந்தார்கள். இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், எனக்காக எதையும் பூசி மெழுகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய் சுத்தம் செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதில் எனக்குப் பதினாலு வருஷமாகத் துப்புரவு வேலை. படிக்காத குறையை நான் வேறு வழியில் தீர்த்துக்கொண்டேன். எந்த வால்வு எந்தப் பக்கம் திரும்பும், எந்த மோட்டார் கெடுவதற்கு முன்னால் எப்படி முனகும், எல்லாம் எனக்கு அத்துப்படி. கேட்டால் சொல்வேன். 'தெரியாது' என்ற வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் போகாதவள் அதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த வருஷம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இனிமேல் ஆட்கள் ஓடி ஓடி வால்வைத் திருப்ப வேண்டாம், அறையில் உட்கார்ந்தபடி திரையைப் பார்த்தே பம்பைப் போடலாம், நிறுத்தலாம் என்றார்கள். அந்தத் திரைக்குப் படம் வரைய ஒரு பெண் வந்தாள். பாகூர்ப் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுதான் இருக்கும். கையில் ஒரு நோட்டும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைப்பாகப் பிடித்துக்கொண்டே நடப்பாள். பார்த்து முடித்த பைப்பில் ஒரு கோடு போடுவாள்.

"இவ்ளோ படிச்சிட்டு தொட்டி வரையறதுக்கா வந்த? எங்க வூட்டுப் பேத்தி ஒண்ணாவதுலயே வரைவாளே" என்றேன்.

"உங்க பேத்தி வரைஞ்சா தொட்டி சிரிக்கும்மா. நான் வரைஞ்சா சிரிக்கக் கூடாது" என்றாள்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். திரையில் இரண்டு விதம் உண்டாம். சூடு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று ஓடிக்கொண்டே இருக்கும் நம்பர்கள் ஒரு விதம். அது வேறு ஆள் வேலை. அசையாமல் பின்னால் நிற்கும் தொட்டி, பைப், பம்ப், இதெல்லாம் இவள் வேலை. எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில்தான் வரைவாள். ஏன் இப்படித் துக்க வீடு மாதிரி வரைகிறாய் என்று கேட்டேன்.

"எல்லாம் சாம்பலா கெடந்தாதான், ஒண்ணு தப்பாப் போய் செவந்தா கண்ணுல படும்மா."

கம்பெனியில் எல்லோரும் என்னை 'ஆயா' என்பார்கள். அவள் ஒருத்திதான் 'அம்மா' என்பாள்.

ஒரு நாள் மூன்றாவது தொட்டிக்குப் பின்பக்கச் சுவர் ஓரமாக வந்து நின்றாள். தோலை அரிக்கும் காஸ்டிக் காரம் காய்ச்சுகிற இடத்திலிருந்து ஒரு பழைய பைப் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தத் தொட்டிக்கு வரும். துரு ஏறி, மேலெல்லாம் சிலந்தி வலை கட்டிக் கிடந்தது.

"இது இன்னா பைப்மா? யூஸ்ல கீதா?"

"சூப்பர்வைசரைக் கேட்டியா?"

"கேட்டேம்மா. எல்லாத்தையும் நீயே பாத்துக்கோம்மான்னுட்டு போனை எடுத்துக்கினு போயிட்டாரு."

என்ஜினியருக்குப் படித்த பெண் என்னிடம் வந்து கேட்கிறாள். எனக்கு அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அது செத்த பைப்டி. பன்னெண்டு வருஷமா பாக்கறேன், ஒரு சொட்டு வந்தது இல்ல."

"நிச்சயமாம்மா?"

"எனக்குத் தெரியாம இங்க எலிகூட ஓடாது."

அவள் சிரித்தாள். சாக்பீஸால் அந்தப் பைப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்ந்தாள். பிறகு படம் காகிதத்தில் வந்தது. சூப்பர்வைசர் நின்றபடியே கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியை நிறுத்தித் தொட்டிகளைக் கழுவுவார்கள். தேர் வாரத்தில் எப்படியும் பாதி ஆட்கள் வர மாட்டார்கள் என்பதால் அந்த வாரத்தையே அதற்கு வைத்திருந்தார்கள். நானும் சேர்ந்த வருஷத்திலிருந்து ஒரு தேருக்கும் வேலைக்குப் போனதில்லை. வடம் தொடாமல் எனக்கு வருஷம் போகாது. சுவரைத் துளைத்து வரும் அந்தப் பைப்பில் சூடான காஸ்டிக் தண்ணீர் ஓடுவது அந்த வாரத்தில் மட்டும்தான். பன்னிரண்டு வருஷம் பார்த்தேன் என்றேனே, அது ஓடிய நாளில் ஒரு நாள்கூட நான் அங்கே இல்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு அதுதான் முதல் கழுவல். மூன்றாவது தொட்டிக்குள் கசடு சுரண்ட கரையாம்புத்தூர்க்காரர் ஒருவர் இறங்கினார். ஆள் இறங்கும் முன்னால் அந்தத் தொட்டிக்கு வரும் பைப்களை அடைத்துவிட வேண்டும். படத்தைப் பார்த்து அடைத்தார்கள். படத்தில் இரண்டு பைப் இருந்தன. இரண்டையும் அடைத்தார்கள். போன வருஷம் திறந்து விட்ட மூன்றாவது பைப்பின் கைவால்வு திறந்தபடியே இருந்தது. அறையில் இருந்தவர் முதல் தொட்டியைக் கழுவுவதாக நினைத்துக்கொண்டு காஸ்டிக் பம்பைப் போட்டார். திரையில் ஒன்றும் சிவக்கவில்லை. வரையாத பைப் எப்படிச் சிவக்கும்?

கொதிக்கிற காஸ்டிக் பூட்ஸுக்குள் இறங்கி நின்றுவிட்டது. உயிர் பிழைத்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

நான் திரும்பி வந்த அன்றைக்குத்தான் விசாரணை. அந்தப் பெண்ணை வரவழைத்துத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் பத்தடி தள்ளித் துடைப்பத்தோடு நின்றேன். மேனேஜர் கத்தினார்.

"இம்மாம் பெரிய பைப்ப ஏன் விட்ட? கண்ணு தெரியலியா?"

அவள் தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒரே தடவை.

"காஞ்சு கெடந்துச்சு சார். யூஸ்ல இல்லன்னு நானே நெனச்சிட்டேன்."

எனக்கு வாய் வரை வந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. இத்தனை பேர் நடுவில், 'ஆயா சொன்னது தப்பு' என்று ஆகிவிடுமே, அதுதான் தடுத்தது. சூப்பர்வைசரும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் அவர் கணக்கு அவருக்கு. நான் என்னுடையதைத்தான் சொல்ல முடியும். நான் குனிந்து, ஏற்கனவே பெருக்கிய இடத்தையே பெருக்கினேன்.

 மறுநாள் காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பொண்ண நேத்தே அனுப்பியாச்சு ஆயா. உன் பேரை அது சொல்லவே இல்லியே."

"நான் சொல்றேனே சார். எழுதிக்குங்க."

"இன்னான்னு எழுதறது? பெருக்கற ஆயாவைக் கேட்டு வரைஞ்சான்னா? அது அவளுக்குத்தான் இன்னும் அசிங்கம். போய் வேலையப் பாரு."

முந்தின நாளே வாயைத் திறந்திருந்தால் அவள் எதிரிலாவது சொல்லியிருக்கலாம். இப்போது என் உண்மை அவளுக்கே எதிராகத் திரும்பி நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விலாசம் கேட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மட்டும் இருந்தார். மகள் சென்னையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாளாம். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு கொண்டுவந்து வைத்தார்.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

இப்போதும் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறேன். வேறு யாரோ வந்து அந்தப் பைப்பைத் திரையில் வரைந்துவிட்டார்கள். மூன்றாவது தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்னச் சாம்பல் கோடு. தினமும் காலையில் அந்தத் திரையைத் துடைப்பது என் வேலை. துணி அந்தக் கோட்டின் மேல் போகும்போது கை கொஞ்சம் நின்றுதான் போகும்.

புதிதாக வருகிறவர்கள் இன்னமும் என்னிடம் இது என்ன, அது என்ன என்று கேட்கிறார்கள். 'தெரியாது' என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருகிறது. ஒருவர் காலும் ஒருத்தி வேலையும் போன பிறகு வந்த வார்த்தை என்பதால், அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள்.